கோரிப்பாளையம் சிக்னலிலும் குளிர வேண்டும்: பழைய கான்டெஸாவுக்கு ஏசி வேலை

பழைய காரில் கூலிங் குறைந்தால் பட்டறையில் முதலில் கேஸ் ஏற்றுவார்கள். அடுத்த சித்திரையில் கம்ப்ரஸரை மாற்றச் சொல்வார்கள். இரண்டுக்கும் பணம் கொடுத்த பிறகும் வண்டி ரிங் ரோட்டில் ஓடும்போது மட்டும் குளிர்ந்து, மதுரை கோரிப்பாளையம் சிக்னலில் நின்ற இரண்டாவது நிமிடம் சூட்டுக் காற்றை ஊதுகிறது என்றால், கோளாறு வண்டியின் மூக்கில் இருக்கிறது. உள்ளே உறிஞ்சிய வெப்பத்தை வெளியே தள்ளும் கண்டென்சருக்கு, வண்டி நிற்கும்போது காற்றுப் போதவில்லை. பழைய வண்டி ஏசியில் முக்கால்வாசி வேலை இதைச் சரிசெய்வதுதான். கேஸ், அதை அழுத்தி ஓட்டும் கம்ப்ரஸர், உள்ளே காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில் எல்லாம் அதற்குப் பிறகு.

இங்கே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் கான்டெஸாவை வைத்துச் சொல்கிறோம். பானெட்டுக்குள் இடம் தாராளம் என்பதால் வேலை செய்ய வசதியான வண்டி. பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கும் வேலையின் வரிசை இதேதான்; அளவு மாறும் இடங்களில் தனியாகக் குறிப்பிடுகிறோம்.

மீட்டர் போடாமல் எதையும் வாங்காதீர்கள்

தேவையானவை: ஏசி கேஸின் அழுத்தத்தைக் காட்டும் மீட்டர் செட் (நீலம் கம்ப்ரஸருக்குத் திரும்பும் குறைந்த அழுத்தப் பக்கம், சிவப்பு அது தள்ளும் அதிக அழுத்தப் பக்கம்), ஊசி முனை உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர், தண்ணீர் தெளிக்க ஒரு ஸ்பிரே பாட்டில், ஒரு பழைய செய்தித்தாள்.

காலையில் எஞ்சினைத் தொடுமுன், நிழலில் நின்ற வண்டியில் மீட்டரை மாட்டுங்கள். இரண்டு ஊசியும் ஒரே அளவைக் காட்டும். உள்ளே திரவம் மிச்சமிருந்து, அது இன்று இந்த வண்டிகளுக்கு ஏற்றும் ஆர் 134ஏ கேஸாக, சுத்தமாகவும் இருந்தால், 25 டிகிரியில் சுமார் 82 பிஎஸ்ஐ (அழுத்த அளவு), 30 டிகிரியில் 97, 35 டிகிரியில் 114 என்று நிற்கும். 30 டிகிரியில் 120, 130 என்று காட்டினால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது, அல்லது வேறு கேஸைக் கலந்து ஏற்றியிருக்கிறார்கள். வீட்டு ஏசிக்கான ஆர் 22 கேஸ் மட்டும் இருந்தால் அதே 30 டிகிரியில் 158 வரை போகும். மலிவு விலை சிலிண்டர்களில் கலப்படம் உண்டு, எரியக்கூடிய கேஸ் கலந்தவையும் உண்டு. ஆகவே வாங்கும் சிலிண்டரையும் இதே மாதிரி மீட்டரில் பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பது நல்லது. இந்த ஐந்து நிமிடச் சோதனையைப் பெரும்பாலான பட்டறைகள் செய்வதில்லை.

பிறகு எஞ்சினை 1500 ஆர்பிஎம்மில் வைத்து, ப்ளோயரை முழு வேகத்தில் விட்டு, தெர்மாமீட்டரை நடு வென்ட்டுக்குள் செருகுங்கள். வெளியே 40 டிகிரி என்றால் நீல மீட்டர் 30 முதல் 45 வரை, சிவப்பு 220 முதல் 260 வரை இருப்பது சரி. இரண்டுமே குறைவு என்றால் கேஸ் குறைவு, எங்கோ லீக். நீலம் பூஜ்யத்தை நோக்கி விழுந்தால் கூலிங் காயிலுக்குத் திரவத்தை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்விலோ, ஈரத்தை உறிஞ்சும் டிரையரிலோ அடைப்பு. கொஞ்ச நேரம் நன்றாகக் குளிர்ந்து, பிறகு விட்டு, எஞ்சினை அணைத்துப் போட்டால் மறுபடி குளிர்ந்தால், உள்ளே ஈரம் இருந்து வால்வு வாயில் உறைகிறது என்று பொருள். நீலம் ஏறி, சிவப்பு இறங்கி இரண்டும் நெருங்கி வந்தால் கம்ப்ரஸர் தேய்ந்துவிட்டது.

அடுத்து ஐடிலுக்கு இறக்குங்கள். சிவப்பு 300-ஐத் தாண்டுகிறதா? ஸ்பிரே பாட்டிலால் கிரில் வழியே கண்டென்சர் மேல் தண்ணீரைப் பொடிப்பொடியாகத் தெளியுங்கள். டிஸ்ட்ரிப்யூட்டர் பக்கம் படக்கூடாது. சில நொடிகளில் ஊசி 50, 60 பிஎஸ்ஐ இறங்கி, வென்ட்டிலும் குளிர் கூடினால் தீர்ப்பு சொல்லியாயிற்று: கண்டென்சர் சிறிது, அல்லது காற்றோட்டம் போதவில்லை. எது என்று பிரித்தறியச் செய்தித்தாளின் ஒரு தாளை கிரில் முன்னால் பிடித்து விடுங்கள். ஐடிலில் ஃபேன் இழுக்கும் காற்றில் தாள் கிரில்லோடு ஒட்டி நிற்க வேண்டும். வழுக்கிக் கீழே விழுந்தால் முதலில் ஃபேன் வேலை.

மூக்கு

ஏன் பழைய கண்டென்சர் போதவில்லை? கான்டெஸாவின் ஏசி ஆர் 12 கேஸுக்காகச் செய்யப்பட்டது. ஓசோன் படலத்தைக் காக்க வந்த மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி அந்த கேஸ் இந்தியாவிலும் 2010-க்குள் கைவிடப்பட்டது. இன்று கிடைப்பது ஆர் 134ஏ. கண்டென்சர் 70 டிகிரியை எட்டும்போது ஆர் 12-ன் அழுத்தம் சுமார் 259 பிஎஸ்ஐ. ஆர் 134ஏ-வுக்கு அதே சூட்டில் 292. மதுரை வெயிலில், முன்னால் நிற்கும் பஸ்ஸின் சூடும் தார் ரோட்டின் அனலும் சேர்ந்து கிரில்லுக்குள் நுழையும் காற்று வானிலை அறிக்கையின் 40-ஐவிடக் கூடுதலாகவே இருக்கும். வட்டக் குழாயும் தகடுமாக வளைந்து வளைந்து போகும் பழைய கண்டென்சரால் அந்த நிலையில் கேஸைத் திரவமாக்க முடியாது.

மாற்றாகப் போட வேண்டியது பேரலல் ஃப்ளோ கண்டென்சர். தட்டையான அலுமினியக் குழாய்கள், அவற்றுக்குக் கேஸைப் பிரித்து விட இரண்டு பக்கமும் ஹெட்டர் குழாய். கான்டெஸாவின் பெயர் போட்டுக் கடையில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள இடத்தை அட்டையில் வெட்டி எடுத்துக்கொண்டு போய், அதில் அடங்கும் ஆகப் பெரிய யூனிவர்சல் கண்டென்சரை வாங்குங்கள். பானெட் லாக், ஹாரன், நடுவில் உள்ள ஸ்டே கம்பி ஆகியவற்றையும் அட்டையில் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் இடிப்பது இவைதான். வாய் இரண்டும் ஒரே பக்கம் இருக்கும் மாடல் பைப் போட எளிது. கேஸ் மேலே நுழைந்து கீழே திரவமாக வெளியேற வேண்டும். தலைகீழாக மாட்டினால் திரவம் உள்ளேயே தேங்கி அழுத்தம் ஏறும்.

ரேடியேட்டருக்கும் கண்டென்சருக்கும் இடையே 20 முதல் 25 மி.மீ. இடைவெளி விட்டு, ரப்பர் புஷ் வைத்து நான்கு மூலையிலும் மாட்டுங்கள். ரேடியேட்டர் கோருக்குள் பிளாஸ்டிக் டை செருகி இறுக்குவது வேண்டாம், உராய்ந்து ஓட்டை விழும். அந்த இடைவெளியின் நான்கு பக்கத்தையும் ஃபோம் பட்டை ஒட்டி அடைத்துவிடுங்கள். செலவு சில நூறு ரூபாய்தான், பலன் பெரிது. அடைக்காவிட்டால் ஃபேன் சுலபமான வழியைத் தேடி, எஞ்சின் பக்கத்துச் சூட்டுக் காற்றையே பக்கவாட்டில் சுற்றி இழுத்து மறுபடி ரேடியேட்டருக்குள் விடும். ஓடும்போது இது தெரியாது, நிற்கும்போது கொல்லும். ரேடியேட்டர் மேல் தட்டுக்கும் பானெட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியையும் ரப்பர் பீடிங்கால் மூடுங்கள்.

ஃபேன் விஷயத்தில் எங்கள் கருத்து உறுதியானது: எஞ்சின் ஃபேனை அகற்றாதீர்கள். அதைச் சுற்றி ஷ்ரவுட் (காற்று பக்கவாட்டில் நழுவாமல் காக்கும் தகட்டுக் கூடு) இல்லாத வண்டிகளில் முதலில் ஒரு ஷ்ரவுட் செய்யுங்கள். கே.புதூர், கப்பலூர் தொழிற்பேட்டைப் பக்கம் தகடு வேலை செய்யும் பட்டறையில் 1 மி.மீ. தகட்டில் மடித்துக் கொடுப்பார்கள். பிளேடு அகலத்தில் பாதி ஷ்ரவுட்டுக்குள் இருக்க வேண்டும். பிளேடு முனைக்கும் தகட்டுக்கும் 15 முதல் 20 மி.மீ. விலகல். எஞ்சின் மவுண்டிங் ரப்பர் தொய்ந்திருந்தால் முதல் கியரில் எடுக்கும்போதே பிளேடு உரசும், ஆகவே மவுண்டிங்கை முதலில் பாருங்கள். இதன் பிறகு கண்டென்சருக்கு முன்னால் தள்ளும் வகை எலக்ட்ரிக் ஃபேன் ஒன்று, கான்டெஸாவுக்கு 14 அங்குலம், பத்மினிக்கு 12. பிளேடின் வளைவைப் பார்த்து வாங்குங்கள். இழுக்கும் ஃபேனை ஒயர் மாற்றித் தள்ள வைத்தால் காற்றின் அளவு வெகுவாகக் குறையும்.

ரேடியேட்டரையும் விட்டுவிடக் கூடாது. கண்டென்சர் சூடாக்கிய காற்றுதான் அதற்குப் போகிறது. நம் ஊர் போர் தண்ணீரை வருஷக்கணக்கில் ஊற்றியிருந்தால் குழாயெல்லாம் உப்புப் படிந்திருக்கும். டேங்கைக் கழற்றி ராடு விட்டுச் சுத்தம் செய்து, இனி கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் மட்டும் ஊற்றுங்கள்.

கம்ப்ரஸரும் பிராக்கெட்டும்

முதலில் வந்த கான்டெஸாக்களில் அம்பாஸடரின் 1.5 லிட்டர் எஞ்சின், ஏறக்குறைய 50 குதிரைத்திறன். பிறகு வந்த இசுஸு 1.8-ல் 88. கம்ப்ரஸர் தனக்கென்று 3 முதல் 5 குதிரைத்திறன் எடுத்துக்கொள்ளும். இசுஸு எஞ்சினுக்கு சாண்டன் கம்பெனியின் 508 கம்ப்ரஸர் தாராளமாகப் போதும், ஒரு சுற்றுக்கு 138 சிசி. 1089 சிசி பத்மினிக்கு 505 வகை, 87 சிசி. பெரிய கம்ப்ரஸர் போட்டால் கூலிங் கூடும் என்று நினைத்து 7 பிஸ்டன் மாடலுக்குப் போவது வீண். கண்டென்சரால் தள்ள முடியாத வெப்பத்தைப் பெரிய கம்ப்ரஸர் இன்னும் வேகமாகக் கொண்டுவந்து கொட்டும், அவ்வளவுதான்.

பிராக்கெட்தான் பலர் கோட்டைவிடும் இடம். 10 மி.மீ. எம்எஸ் பிளேட்டில், நான்கு போல்ட்டும் எஞ்சின் பிளாக்கிலேயே முடியும்படி செய்ய வேண்டும். ஒரு கால் எஞ்சினிலும் ஒரு கால் பாடியிலும் இருந்தால் வெல்டிங் விரிசல் விடுவது நிச்சயம். கிராங்க் புல்லியிலிருந்து கம்ப்ரஸர் புல்லிக்கு நேர் இரும்புப் பட்டையை வைத்துப் பாருங்கள், விலகல் 1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 12 மி.மீ. அமுங்கட்டும். கம்ப்ரஸரைப் புல்லியோடு இணைக்கும் காந்தக் கிளட்ச்சின் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து 0.4 முதல் 0.8 மி.மீ.க்குள் வையுங்கள். இடைவெளி கூடினால், நன்றாக ஓடி, சூடானதும் கிளட்ச் பிடிக்காமல் போகும். இதைக் கேஸ் குறைவு என்று நினைத்து ஏற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு.

பைப், ஆயில், டிரையர்

ஆர் 12 காலத்து ரப்பர் ஓஸ் வழியே ஆர் 134ஏ மெல்லக் கசியும். உள்ளே நைலான் அடுக்கு உள்ள பேரியர் ஓஸ்தான் வேண்டும். திரவ லைனுக்கு 6-ஆம் நம்பர், கம்ப்ரஸரிலிருந்து கண்டென்சருக்கு 8, கூலிங் காயிலிலிருந்து திரும்பும் சக்ஷன் லைனுக்கு 10. ஹைட்ராலிக் மெஷினில் கிரிம்ப் செய்தவை மட்டும். ஓஸ் கிளிப் போட்டு முறுக்கியவை எந்த நாளும் வெடிக்கும். சக்ஷன் லைனை சைலன்ஸர் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் விடாமல், கறுப்பு நைட்ரைல் ஃபோம் குழாய் போட்டு மூடுங்கள். ஓ-ரிங் எல்லாம் பச்சை நிற எச்என்பிஆர், மாட்டுமுன் கம்ப்ரஸர் ஆயிலில் தோய்த்து.

பழைய மினரல் ஆயில் ஆர் 134ஏ-வோடு கலக்காது. அது கூலிங் காயிலில் தேங்கி நிற்கும், கம்ப்ரஸருக்குத் திரும்பாது, கம்ப்ரஸர் காய்ந்து பிடித்துவிடும். அதனால் காயிலையும் நீங்கள் வைத்துக்கொள்ளும் பைப்களையும் ஏசி ஃபிளஷ் திரவத்தால் கழுவி, நைட்ரஜன் விட்டு உலர்த்துங்கள். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் வேண்டாம். மிச்சம் நின்று புது ஆயிலைக் கெடுப்பது ஒருபுறம், தீ ஆபத்து மறுபுறம். புது ஆயில் எவ்வளவு, எந்த வகை என்பதைக் கம்ப்ரஸர் லேபிளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். சாண்டனுக்கு வழக்கமாக பேக் (PAG) எனும் செயற்கை ஆயில். புது கம்ப்ரஸரில் பெரும்பாலும் முழு அளவும் ஏற்றித்தான் வரும், அதற்கு மேல் ஊற்றினால் ஆயில் காயிலின் உட்சுவரில் படலமாகப் படிந்து குளிரைத் தடுக்கும். பேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை வேகமாக உறிஞ்சும். திறந்த டப்பாவை அடுத்த வண்டிக்கென்று எடுத்து வைக்காதீர்கள்.

டிரையர் புதிதாக, ஆர் 134ஏ-க்கு ஏற்றதாக இருக்கட்டும். நிமிர்த்தி மாட்டி, எல்லா ஜாயின்ட்டும் முடிந்த பிறகு கடைசியாக அதன் மூடியைக் கழற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அரை மணி நேரம் திறந்து கிடந்தாலே உள்ளிருக்கும் உலர்த்தி ஈரத்தைக் குடித்துவிடும். பக்கத்திலேயே ஒரு டிரைனரி சுவிட்ச் போடுங்கள்: கேஸ் தீர்ந்தால் கம்ப்ரஸரை நிறுத்தும், அழுத்தம் எல்லை மீறினாலும் நிறுத்தும், நடுவில் சுமார் 220 பிஎஸ்ஐயில் எலக்ட்ரிக் ஃபேனை ஓட வைக்கும்.

உள்பக்கம்

மதுரையில் ஹீட்டருக்கு வேலையே இல்லை. ஹீட்டர் காயிலுக்குப் போகும் ஓஸை எஞ்சின் பக்கமே வளைத்து, போன வழியே திரும்பும்படி இணைத்துவிடுங்கள். வால்வு மூடியிருக்கிறது என்று நம்பாதீர்கள். பழைய வால்வு சொட்டுச் சொட்டாகக் கொதிநீரை விட்டுக்கொண்டே இருக்கும், ஏசி அதோடு மல்லுக்கட்டும்.

கூலிங் காயில் பெட்டியைத் திறந்து, தகடுகளின் இடையே படிந்த தூசியை மென்மையான பிரஷ்ஷால் சுத்தம் செய்து, பெட்டியின் சந்துகளை ஃபோமால் அடைத்து மூடுங்கள். எக்ஸ்பான்ஷன் வால்வின் சூட்டை உணரும் பல்பை வெளியேறும் பைப்பின் மேல்பக்கம், கடிகாரத்தில் 10 அல்லது 2 இருக்கும் இடத்தில், செம்புப் பட்டையால் இறுக்கி கார்க் டேப் சுற்றுங்கள். டேப் இல்லாவிட்டால் பல்பு சுற்றியுள்ள சூட்டை உணர்ந்து வால்வைத் தேவைக்கு மேல் திறக்கும். தண்ணீர் வடியும் குழாய் தரைக்கு வெளியே போகிறதா என்று ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தெர்மோஸ்டாட் 2 டிகிரி வாக்கில் கட் ஆக வேண்டும். ஆகாவிட்டால் திண்டுக்கல் போய்ச் சேருமுன் காயில் பனிக்கட்டியாகி வென்ட்டில் காற்றே வராது.

தரை, ஃபயர்வால், கியர் டனல் மூன்றிலும் ப்யூட்டைல் ஷீட், அதன்மேல் 10 மி.மீ. மூடிய செல் ஃபோம். கூரைத் துணியைக் கழற்றும் வாய்ப்பு வந்தால் அங்கேயும். ஃபயர்வாலில் ஒயரும் கேபிளும் நுழையும் ஓட்டைகளுக்குப் புது ரப்பர் குரோமெட், கதவுக்குப் புது பீடிங். இரவில் உள்ளே டார்ச் அடித்து, வெளியே நின்று பார்த்தால் எந்தச் சந்தில் வெளிச்சம் கசிகிறது என்று தெரியும். கறுப்பு ஃபிலிம் ஒட்டி இதையெல்லாம் ஈடுகட்டலாம் என்று எண்ண வேண்டாம். முன், பின் கண்ணாடியில் 70 சதவீதம், பக்கக் கண்ணாடியில் 50 சதவீதம் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பது சட்டம்.

கரண்ட்

எலக்ட்ரிக் ஃபேனுக்கு 10 முதல் 14 ஆம்பியர், ப்ளோயருக்கு 10, கிளட்ச்சுக்கு 4. மழை இரவில் ஹெட்லைட்டும் வைப்பரும் சேர்ந்தால் மொத்தம் 45-ஐத் தொடும். ஐடிலில் ஆல்டர்னேட்டர் தன் அளவில் பாதிதான் தரும் என்பதால் 65, 75 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் வேண்டும். 22 ஆம்பியர் டைனமோ உள்ள பழைய வண்டியில் ஏசியைப் பற்றிப் பேசுமுன் அதை மாற்றுங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனையைப் பாடியோடு இணைத்த பாசிட்டிவ் எர்த் வண்டி என்றால் முதலில் நெகட்டிவ் எர்த்துக்கு. ஃபேனுக்கும் கிளட்ச்சுக்கும் தனித்தனி ரிலே, ஃபேனுக்கு 4 சதுர மி.மீ. ஒயர், 25 ஆம்பியர் ஃபியூஸ். டேஷ்போர்டில் ஆம்மீட்டர் உள்ள வண்டியில் ஏசி சப்ளையை ஆல்டர்னேட்டர் பக்கமிருந்து எடுங்கள். பேட்டரியிலிருந்து எடுத்தால் அவ்வளவு கரண்ட்டும் ஆம்மீட்டர் வழியே சுற்றி வந்து அதன் முனைகளைக் கருக்கும். கிளட்ச் முனையில் 12 வோல்ட்டாவது வருகிறதா என்று அளந்து பாருங்கள்.

கம்ப்ரஸர் பிடிக்கும்போது ஐடில் விழுந்தால் கார்புரேட்டரில், ஏசி ஓடும்போது மட்டும் ஐடிலைத் தூக்கும் வேக்யூம் ஐடில் அப் ஒன்று மாட்டி 900-க்குக் கொண்டுவாருங்கள். கொடைக்கானல் ஏறுபவர்கள் ஆக்ஸிலரேட்டர் முழுதும் அமுங்கும்போது கிளட்ச்சைத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்றும் போட்டுக்கொள்ளலாம். வத்தலக்குண்டு தாண்டி ஏற்றம் தொடங்கியதும் அதன் அருமை தெரியும்.

வேக்யூம், பிறகு கேஸ்

முதலில் நைட்ரஜன் 150 பிஎஸ்ஐ ஏற்றி, ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் சோப்பு நுரை பூசிப் பாருங்கள். நைட்ரஜனுக்குப் பதில் ஆக்ஸிஜன் சிலிண்டரை மாட்டும் ஆளை வண்டிப் பக்கமே விடாதீர்கள். ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும். லீக் இல்லை என்று உறுதியானதும் வேக்யூம் பம்ப்பை ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். உள்ளே உள்ள ஈரம் ஆவியாகி வெளியேற அந்த நேரம் தேவை. பத்து நிமிடத்தில் காற்று போகும், ஈரம் போகாது. வால்வை மூடி அரை மணி நேரம் விட்டால் ஊசி அசையக் கூடாது.

கேஸை எடை போட்டு ஏற்றுங்கள். பழைய ஸ்டிக்கரில் ஆர் 12 அளவு 900 கிராம் என்றிருந்தால் ஆர் 134ஏ 720 முதல் 760. பேரலல் ஃப்ளோ கண்டென்சருக்குக் கொள்ளளவு குறைவு என்பதால் 600-ல் நிறுத்தி, மீட்டரையும் வென்ட்டையும் பார்த்து 50, 50 கிராமாகக் கூட்டுங்கள். எஞ்சின் ஓடும்போது நீலப் பக்கம் மட்டும், சிலிண்டரை நிமிர்த்தி வைத்து, ஆவியாக. கவிழ்த்தால் திரவம் கம்ப்ரஸர் வால்வை உடைக்கும். டிரையர் மேலுள்ள சிறு பார்வைக் கண்ணாடியில் நுரை மறையும் வரை ஏற்றுவது ஆர் 12 காலத்துப் பழக்கம். ஆர் 134ஏ-வில் அப்படிச் செய்தால் அளவு மீறிவிடும். 50 கிராம் கூட்டியும் வென்ட் சூடு குறையாமல் சிவப்பு மட்டும் ஏறினால் அங்கேயே நிறுத்துங்கள்.

பகல் இரண்டு மணிக்கு, ஜன்னலை ஏற்றி, 15 நிமிடம் ஓடிய வண்டியில் வென்ட்டில் 8 முதல் 12 டிகிரியும், ஐந்து நிமிடம் ஐடிலில் நின்ற பிறகு 16-க்குள்ளும் இருந்தால் வேலை முடிந்தது. சிவப்பு 280-ஐத் தாண்டுகிறது என்றால் கேஸை இறக்குமுன் ஃபோம் பட்டையையும் ஷ்ரவுட்டையும் மறுபடி பாருங்கள். 500 கிலோமீட்டர் ஓடிய பின் பெல்ட்டையும் பிராக்கெட் போல்ட்டையும் இறுக்கி, மீட்டர் மாட்டும் சர்வீஸ் வால்வு இரண்டுக்கும் ரப்பர் உள்ள மூடி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூடி இல்லாத வால்வு வழியே ஒரு வருஷத்தில் பாதி கேஸ் போய்விடக்கூடும்.